காருக்கு எண்ணெய் தேய்த்தவள்

அன்றைக்கு அந்த முற்றத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், செல்வி. நான் ஆளை மாற்றிச் சொன்னேன் என்று பிறகு ஒருவரும் வாயெடுக்கக் கூடாது. கொப்பரைக் கிட்டங்கிக்குச் சொந்தக்காரர் காதர் முதலாளி இருந்தார். அவருடைய தாயார் கதீஜா உம்மா பிரம்பு நாற்காலியில் பனைவிசிறியோடு உட்கார்ந்திருந்தார். கிட்டங்கிச் சாவியை இடுப்பில் செருகியபடி என் அண்ணன் கருப்பையா, உன் மாமா. வாசல் காவல் பார்த்த பிஸ்வாஸ், வங்காளத்திலிருந்து வந்து இங்கே குடியேறியவர். கப்பலில் குளிர் அறையைக் கவனிக்கிற மெக்கானிக் வர்க்கீஸ், மலையாளி. திறந்த பானெட்டுக்குப் பக்கத்தில், கையில் கந்தல் துணியோடு உன் அப்பா. தண்ணீர்க் குடத்தோடு நான். என் இடுப்பில் நீ, மூக்கு ஒழுகிக்கொண்டு, என் தாலிச் சரட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு. ஆக நீயும் ஒரு சாட்சிதான். உனக்கு ஞாபகம் இருக்காது. எனக்கு இருக்கிறது. மூன்றாம் வகுப்போடு நின்ற கை இது, எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும், பொறுமையாகப் படி.

நிலாவின் நிச்சயதார்த்தத்துக்கு நான் மெட்ராஸ் வந்தபோது உன் பழைய காரில் முன் இருக்கையில் என்னை உட்கார வைத்தாய். பின்னால் சம்பந்தி அம்மாவும் அவர் மகளும். வண்டி ஓடுகிறவரை ஏதோ கொஞ்சம் குளிர்ச்சி வந்தது. சிக்னலில் நின்றதும் வெந்நீர்ப் பானையைத் திறந்த மாதிரி அனல். சம்பந்தி அம்மா பட்டுப் புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். உனக்குக் கூச்சமாகப் போய்விட்டது, அதை மறைக்க ஒரு வேடிக்கை வேண்டியிருந்தது. "எங்கம்மாவ வண்டிப் பக்கம் விட்டுட்டேன் போல, எண்ணெய் தேச்சுட்டாங்க" என்றாய். அவர்கள் விவரம் கேட்க, அந்தமானில் அம்மா முதலாளி காருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய கதையை முழுதாகச் சொன்னாய். நன்றாகத்தான் சொன்னாய், உன் அப்பா சொல்கிற மாதிரியே, அவர் நிறுத்துகிற இடத்திலேயே நிறுத்தி. பின்னால் இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன். என் பேத்தி வாழப்போகிற வீட்டுக்கு என்னைப் பற்றித் தெரிந்த முதல் சங்கதி அதுதான்.

நான் திரும்ப அந்தமானுக்கு, மின்னி பே வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு போன் செய்தாய். மெக்கானிக் கம்ப்ரஸரை மாற்றச் சொல்கிறான், கல்யாணத்துக்குள் வண்டியைச் சரிசெய்தாக வேண்டும், மாமாவை விமான நிலையத்திலிருந்து அதில்தான் கூட்டி வரப்போகிறேன் என்றாய். உனக்குக் கூடப்பிறந்தவன் இல்லாததால் மண்டபத்தில் தாய்மாமன் மரியாதையை கருப்பையா மாமாவுக்கே செய்யப்போகிறேன் என்றும் சொன்னாய். அதோடு விட்டிருக்கலாம். "பழசையெல்லாம் நெனச்சு மேடையில நீ மூஞ்சியத் தூக்கிக்கிட்டு உக்காந்துறாதம்மா, அவரு வயசானவரு, மன்னிச்சு விட்டுரு" என்றாய். போனில் சொல்லி முடிகிற சங்கதி இல்லை இது. அதனால்தான் எழுதுகிறேன். காரின் கோளாறுக்கும் பதில் இதிலேயே இருக்கிறது, மாமாவின் விஷயத்துக்கும் இருக்கிறது.

நாங்கள் ராமநாதபுரம் சீமையிலிருந்து கப்பல் ஏறி இந்தத் தீவுக்கு வந்தபோது எனக்குப் புதிதாகத் தெரிந்தது காடோ கடலோ இல்லை, துருதான். ராத்திரி மூடி வைத்த அரிவாள்மனையில் காலையில் செம்மண் பூசின மாதிரி இருக்கும். கதவுக் கீல், பூட்டு, தையல் மிஷின், வாளியின் காது, எதை விட்டாலும் உப்புக்காற்று தின்றுவிடும். அதனால் இங்கே குடியேறிய எல்லோருக்கும், தமிழனோ தெலுங்கனோ வங்காளியோ, ஒரே பழக்கம்: இரும்பைக் கண்டால் எண்ணெய் போடு. நல்ல எண்ணெய் இல்லாவிட்டால் வண்டியிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெய். மழைக்காலம் தொடங்குவதற்கு முன் வீடு வீடாக அந்த வாடைதான் அடிக்கும். நானும் போடுவேன். கதீஜா உம்மாவின் பெட்டிப் பூட்டுக்கும் அவர் கேட்டு நான்தான் போட்டுக் கொடுப்பேன். இதை மறைக்க மாட்டேன், இந்தப் பழக்கத்தை வைத்துத்தான் பிறகு என் தலையில் கட்டினார்கள்.

காதர் முதலாளி அந்தக் காரை வாங்கியது தாயாருக்காக. உம்மா கனத்த உடம்பு, நெஞ்சுக் கோளாறு, வெயில் ஆகாது. ஆஸ்பத்திரி மேட்டின் மேல் இருந்தது. ஜீப்பில் தூக்கித் தூக்கிப் போட்டு அவரைக் கொண்டுபோவது முதலாளிக்குப் பொறுக்கவில்லை. மெட்ராஸில் யாரோ பெரிய மனிதர் ஓட்டிக் கழித்த வெளிநாட்டுக் கார், அப்போதே பழசு, கப்பலில் வந்து இறங்கியது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் காலுக்கு மேலே ஒரு பெட்டி தொங்கும், அதில் வட்ட வட்டமாக ஜன்னல், அதிலிருந்து குளிர்காற்று. துறையிலிருந்து வண்டி வந்த அன்று பஜாரே கையை உள்ளே நீட்டிப் பார்த்தது. தீவிலேயே அப்படி வேறு வண்டி இருந்ததாக நான் கேள்விப்படவில்லை. உன் அப்பா அதற்கு டிரைவர். அந்த வேலையை வாங்கிக் கொடுத்தது கருப்பையா அண்ணன். வேலையோடு சேர்ந்து கிட்டங்கிக்குப் பின்னால் ஒரு பலகை வீடு. ஊரில் எங்களுக்கென்று ஒன்றும் மிச்சமில்லை. இருந்த ஒற்றை அறையையும் பங்காளிகள் பூட்டிக்கொண்டார்கள். அந்தப் பலகை வீட்டுக்குள்தான் நீ தவழ்ந்தாய்.

அந்த வருஷம் மழைக்காலத்தில், வடக்கே ரங்கத் என்கிற ஊரில் உன் அத்தைக்குப் பிரசவம். ஒத்தாசைக்கு நான், என்னைக் கொண்டுபோய் விட உன் அப்பா, கூடவே நீ, மூன்று பேரும் படகில் போனோம். போன இடத்தில் கடல் கொந்தளித்து, திரும்பப் படகு கிடைக்காமல் மழை ஓய்கிறவரை அங்கேயே கிடந்தோம். இதை நன்றாக மனதில் வை: மூன்று பேரும். திரும்பி வந்து சேர்ந்த அன்று உன் அப்பா முதல் வேலையாகக் காரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார். கருவாட்டுக் குழம்பை ஊற்றும்போது என்னிடம் சொன்னார், "மச்சான் மழைக்கு வண்டி பூரா எண்ணெய் அடிச்சு வச்சிருக்காரு. பொறுப்பான ஆளு" என்று. அவர் வாயால் சொன்னது, என் காதால் கேட்டது. மேற்கொண்டு குழம்பு ஊற்றச் சொன்னதுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது.

மழை விட்டதும் முற்றத்தில் மறுபடி கொப்பரை காய வந்தது. மட்டை உரிக்கிற தூசி, நார்த் தூசி காற்றில் பறந்தபடியே இருக்கும். வெயில் ஏற ஏற அந்தக் காரில் குளிர்ச்சி குறைந்தது. விடியற்காலையில் போட்டால் குளிரும். விமானத் தளம் பக்கம் நீளச் சாலையில் வேகமாகப் போனால் குளிரும். மேட்டில் மெதுவாக ஏறினால் அனல். உன் அப்பா பெல்ட்டை இறுக்கிப் பார்த்தார், உள்ளே காற்று தள்ளுகிற விசிறியைத் துடைத்துப் பார்த்தார், இஞ்சின் சூடு ஏறுகிறது என்று தண்ணீரும் மாற்றினார். ஒருநாள் மத்தியானம் உம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும்போது, இதோ குளிர்ந்துவிடும், இதோ குளிர்ந்துவிடும் என்று கண்ணாடியை ஏற்றியே வைத்திருந்தார். மேட்டில் லாரி ஒன்று வழியடைத்து நின்றுவிட்டது. உம்மா மயங்கி ஒரு பக்கமாகச் சாய்ந்தார். முகத்தில் தண்ணீர் தெளித்ததில் பிழைத்தார் என்று வை. ஆனால் காதர் முதலாளிக்குத் தாயென்றால் உயிர்.

அன்று சாயங்காலம் முதலாளி எங்கள் வீட்டு வாசலுக்கே வந்தார். எப்போதும் வராதவர். சத்தம் போடவில்லை, அதுதான் பயமாக இருந்தது. நீ பானெட்டைத் திறந்து கை வைத்த பிறகுதான் இது கெட்டது, கேஸைத் திறந்து விட்டிருக்கிறாய், தெரியாத மிஷினில் ஏன் கை வைத்தாய் என்றார். உன் அப்பா எவ்வளவோ சொன்னார். "டிரைவர், ஒம் மேல எனக்கு வருத்தமில்ல. ஆனா எங்க உம்மாவ இனிமே ஒங்கையில குடுக்க மாட்டேன். இந்தக் கப்பல்லயே குடும்பத்தோட மெயின்லேண்டுக்குப் போயிரு" என்று சொல்லிவிட்டுப் போனார். கப்பல் அப்போது துறைக்கு வந்து நின்றிருந்தது. சரக்கு இறக்கி ஏற்றுகிறவரைதான் எங்களுக்குத் தவணை. நான் பாத்திரங்களைச் சாக்கில் கட்டத் தொடங்கினேன். எந்த ஊருக்கு, யார் வீட்டுக்கு என்று கட்டுகிறேன் என்பது எனக்கே தெரியாது. உன் அப்பா சுவரில் சாய்ந்து கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

பிஸ்வாஸ்தான் ஒரு வழி சொன்னார். கப்பலில் மீனும் மருந்தும் வைக்கிற குளிர் அறை இருக்கிறதே, அதைப் பார்க்கிற மிஸ்திரிக்கு இதுவும் தெரியாமலா போகும் என்று கேட்டு, தானே துறைக்குப் போய் வர்க்கீஸைக் கூட்டி வந்துவிட்டார். வர்க்கீஸுக்குக் கொஞ்சம் தற்பெருமை. வந்ததும் பானெட்டைத் திறந்து பார்த்து, கம்ப்ரஸர் போச்சு, அடுத்த தடவை வரும்போது வேறு கொண்டுவரலாம் என்று தேநீர் கேட்டார். உன் மெக்கானிக் சொன்ன அதே வார்த்தை. தேநீர் குடித்துக்கொண்டே உன் அப்பாவிடம் எப்போது குளிரும், எப்போது குளிராது என்று விசாரித்தார். காலையில் குளிரும், ஓட்டத்தில் குளிரும், நின்றால் குளிராது என்றதும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். கம்ப்ரஸர் செத்திருந்தால் காலையில் மட்டும் எப்படி உயிர் வரும்?

இனிமேல் சொல்வதை நீ உன் மெக்கானிக்கிடம் அப்படியே சொல்லு. வண்டியை நிறுத்திய நிலையில் ஓடவிட்டு ஏ.ஸி.யைப் போட்டார். கம்ப்ரஸரின் முன் தட்டு டக்கென்று பிடித்துச் சுற்றுகிறதா என்று பார்த்தார். பிடித்தது. கேஸ் போகிற குழாயில் ஒரு கண்ணாடிப் பொட்டு இருந்தது. கேஸ் குறைந்தால் அதில் நுரை ஓடுமாம், நுரை இல்லை. குழாய் மூட்டுகளில் சோப்பு நுரை தடவினார். ஓட்டை இருந்தால் கொப்புளம் வரும், வரவில்லை. பிறகு வண்டியின் முன்பக்கம், பல்லைக் காட்டுகிற மாதிரி இருக்கிற கம்பிகளுக்குள் குனிந்து பார்த்தார். உள்ளே ரேடியேட்டருக்கு முன்னால் அதைப் போலவே இன்னொன்று இருக்கும். சீப்புப் பல்லாக மெல்லிய தகடுகள். வண்டிக்குள்ளிருந்து எடுத்த சூட்டை வெளியே விடுவது அதுதான். அது மூச்சு விடாவிட்டால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் குளிர் வராது. "ஒரு குடம் வெள்ளம் வேணும். நல்ல வெள்ளம், உப்பு வேண்டா" என்றார்.

கோடைக்காலம். குழாயில் வரிசை நின்று பிடித்த ஒரு குடம்தான் என் கையில் இருந்தது. அன்றைக்கு எங்களுக்குக் குடிக்க அதுதான். கொடுத்தேன். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்தத் தகடுகள் மேல் மெதுவாக ஊற்றினார். ஆவி கிளம்பியது. உம்மாவை வண்டிக்குள் கை நீட்டிப் பார்க்கச் சொன்னார் முதலாளி. உம்மா நாற்காலியை விட்டு எழுந்து போய் நீட்டினார். அந்த முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். "குளுருதுடா காதரு" என்றார். என் குடத்துத் தண்ணீர் தீர்கிறவரை குளிர்ந்தது. தீர்ந்ததும் பழையபடி அனல். ஆக, செல்வி, கம்ப்ரஸரை மாற்றுவதற்கு முன்னால் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பார். அப்போது குளிர்ந்தால் குற்றம் முன்னால்தான். தூசி அடைத்திருக்கும், இல்லாவிட்டால் அங்கே சுற்ற வேண்டிய விசிறி சுற்றவில்லை என்று அர்த்தம். உன் தெருவில் மாடி மேல் மாடியாகக் கட்டுகிறார்களே, அந்தச் சிமெண்டுத் தூசியெல்லாம் எங்கே போகும் என்று நினைக்கிறாய்?

வர்க்கீஸ் விரலை உள்ளே விட்டு எடுத்தார். கம்பளி மாதிரி நார்த் தூசி, கறுப்பாக, பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு வந்தது. பிஸ்வாஸ் முகர்ந்து பார்த்துவிட்டு, "பூரா தேல் ஹை, சாப்" என்றார். எல்லாம் எண்ணெய். வெறும் தூசி என்றால் ஊதினாலே போகும், எண்ணெயில் ஒட்டிக் கம்பளமாகிவிட்டது, எந்த முட்டாள் இதற்குள் எண்ணெய் அடித்தது என்று வர்க்கீஸ் கேட்டார். முதலாளி எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. உன் அப்பாவுக்கும் விளங்கிவிட்டது, ஏனென்றால் அவர் கந்தல் துணியைப் பிழிய ஆரம்பித்தார், அதில் ஈரமே இல்லை. நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் நெற்றியில் வேர்வை. தாயார் மயங்கி விழுந்ததற்கு ஒருவர் கப்பல் ஏற வேண்டும், அது டிரைவராக இருக்கும் அல்லது கிட்டங்கிக்காரனாக இருக்கும். அவனுக்கும் பிள்ளைகள் வரிசையாக இருந்தார்கள். திடீரென்று அவன் சிரித்தான். "வேற யாரு முதலாளி, இந்தா நிக்கிறாளே எந்தங்கச்சி, இவதான். பூட்டுக்கு எண்ணெய், மிஷினுக்கு எண்ணெய், கடைசியில காருக்கும் தேச்சு விட்டுட்டா போல" என்றான்.

முதலாளி என்னைக் கேட்கவில்லை. உன் அப்பாவைத்தான் கேட்டார், அப்படியா டிரைவர் என்று.

எண்ணெய் அடித்தபோது நான் ரங்கத்தில் இருந்தேன். உன் அப்பா என் பக்கத்தில் இருந்தார். யார் அடித்தது என்று எனக்குச் சொன்னதே அவர்தான். கந்தலைத் தோளில் போட்டுக்கொண்டு, என் பக்கம் திரும்பாமல், "ஆமா முதலாளி. கையில எண்ணெய் இருந்தா அவளுக்குச் சும்மா இருக்க முடியாது" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். முதலாளி சிரித்தார், வர்க்கீஸ் சிரித்தார், என்னவென்று புரியாமலே பிஸ்வாஸும் சிரித்தார். உம்மா மட்டும் சிரிக்கவில்லை. "விடு காதரு, புள்ள நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சிருக்கு" என்று என் கன்னத்தைத் தொட்டார். அவர் தொட்டது எனக்கு இன்னும் சுட்டது. நான் வாய் திறந்திருந்தால் அண்ணன் பொய்யன், புருஷன் பொய்யன், இரண்டு குடும்பமும் ஒரே கப்பலில் போயிருக்கும். நீ என் தாலிச் சரட்டை இழுத்துக்கொண்டிருந்தாய். வாயை மூடிக்கொண்டேன்.

கழுவுகிற வேலையும் என் தலையில்தான் விழுந்தது. செய்தவள்தானே கழுவ வேண்டும். பெட்ரோலைத் தொட்டுத் துடைக்கலாம் என்றார் வர்க்கீஸ். எண்ணெய்த் தலைக்கு எங்கேயாவது பெட்ரோல் போடுவார்களா? நான் போய்ச் சீயக்காயைக் கொதிக்க வைத்து வடிகட்டி எடுத்து வந்தேன். வண்டியை அணைத்து ஆறவிட்டு, பழைய பல் பிரஷால் மேலிருந்து கீழாக, தகடு மடங்காமல், தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். குறுக்கே தேய்த்தால் தகடு சாய்ந்து வழி அடைத்துக்கொள்ளும். இதையும் உன் மெக்கானிக்கிடம் சொல். கறுப்புத் தண்ணீர் முற்றம் முழுக்க ஓடியது. என் புடவையில் விழுந்த கறை கடைசிவரை போகவில்லை, அதைக் கிழித்து உனக்குத் தூளி கட்டினேன். மறுபடி வண்டியை ஓடவிட்டபோது உள்ளே உட்கார்ந்த உம்மா குளிர் தாங்காமல் முக்காட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டார். கப்பல் நாங்கள் இல்லாமல் போனது. நான் சாக்கைப் பிரித்துப் பாத்திரங்களை அடுக்கினேன்.

அதற்கப்புறம் அபர்தீன் பஜாரில் எனக்குப் பெயரே மாறிவிட்டது. தேல்வாலி. எண்ணெய்க்காரி. காய்கறி விற்கிற வங்காளிப் பெண்கள், தெலுங்குக்காரிகள், எல்லோருக்கும் நான் தேல்வாலி. "தேல்வாலி வருது, தராசை மூடு, எண்ணெய் தேச்சுரும்" என்பார்கள். கேலிக்குத்தான். கேலியென்று தெரிந்தால் வலிக்காது என்று யார் சொன்னது?

இப்போது மாமாவின் விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு விளக்கு வைக்கிற நேரத்தில் அவன் எங்கள் பின்வாசலுக்கு வந்தான். உன் அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு போயிருந்தார். வந்தவன் உட்காரவில்லை. மலேரியாவுக்கு மருந்தடிக்கிற பம்பைக் கேட்டு வாங்கி, கறுப்பு எண்ணெயில் மண்ணெண்ணெய் கலந்து வண்டிக்கு அடியில் அடித்ததையும், பம்பில் மிச்சம் இருந்ததை வீணாக்காமல் முன்பல்லுக்குள்ளேயும் அடித்ததையும் ஒன்று விடாமல் சொன்னான். "ஒன்னைய யாரும் வேலைய விட்டுத் தூக்க முடியாது தங்கச்சி. அதான் ஒம் பேரச் சொல்லிட்டேன். என்னையத் திட்டிரு" என்றான். திட்டினேன். எங்கள் அம்மாவைப் பெற்றவள் வரைக்கும் இழுத்துத் திட்டினேன். உனக்குக் காது குத்துகிறவரை அவனோடு பேசவில்லை. அவன் மடியில் உன்னை உட்கார வைக்கத் தூக்கிக் கொடுத்தபோது அந்தக் கூட்டத்தில் என் காதருகே குனிந்து மறுபடி கேட்டான், திட்டித் தீர்ந்ததா என்று. கொஞ்சம் இருக்கிறது என்றேன். ஒவ்வொரு பொங்கலுக்கும் வந்து கேட்பான். ஏதோ ஒரு பொங்கலில் தீர்ந்துபோய்விட்டது. ஆகையால் அவனைத் தாராளமாகக் கூப்பிடு, மேடையில் நிறுத்து, மாலை போடு. வண்டியைச் சரிசெய்து குளுகுளுவென்று கூட்டி வா. அவன் பக்கத்தில் நான் உட்கார்ந்து சிரித்துக்கொண்டு படம் எடுத்துக்கொள்வேன்.

அந்தக் கதையை வீட்டில் எடுக்கும்போதெல்லாம் நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன், மாமா தலையைக் குனிந்து தட்டைப் பார்ப்பான். அதை வைத்து எனக்கும் அவனுக்கும் பகை என்று நீயாக முடிவு கட்டிக்கொண்டாய். நன்றாக யோசித்துப் பார் மகளே. அந்தக் கதையை உனக்குச் சொன்னது யார்? மாமாவா? ஒரு தடவையாவது அவன் வாயிலிருந்து கேட்டிருக்கிறாயா?

உன் அப்பா நல்லவர். குடித்ததில்லை, என் மேல் கை வைத்ததில்லை, தனக்கு இல்லாவிட்டாலும் உனக்கும் எனக்கும் மீன் துண்டை ஒதுக்கி வைப்பார். அன்று முற்றத்தில் அவர் சொன்னதைக்கூட நான் பொறுத்திருப்பேன், சாப்பாட்டுக்காகச் சொன்னது. கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்குள்ளே ஒரு வார்த்தை, நீ செய்யவில்லை என்று எனக்குத் தெரியும் என்று ஒரே வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அன்றைக்குச் சொல்வார் என்று பார்த்தேன். அடுத்த நாள் பார்த்தேன். பிறகு அவர் அதைக் கதையாகச் சொல்லத் தொடங்கினார். விருந்தாளி வந்தால் சொல்வார், கல்யாண வீட்டில் சொல்வார். ஒவ்வொரு தடவையும் ஒன்று கூடும். நான் பம்பு தூக்கிக்கொண்டு போனேன் என்பார், சீயக்காய் அரைக்கும்போது பாட்டுப் பாடினேன் என்பார். அவர் உடம்பு தளர்ந்து, நான் சோறு பிசைந்து கொடுக்கிற காலம் வந்தது. அப்போது ஒருநாள் கேட்டே விட்டேன், அந்த எண்ணெயை நானா அடித்தேன், உங்களுக்குத் தெரியாதா என்று. என் கையைத் தட்டிக்கொடுத்து, எவ்வளவு அன்பாகச் சொன்னார் தெரியுமா? "அத விடு. அன்னைக்கே ஒன்னைய மன்னிச்சுட்டேன்ல" என்றார்.

சோற்றை ஊட்டி முடித்தேன். வாயைத் துடைத்துவிட்டேன். கடைசிவரை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன், அதற்கு நீயே சாட்சி.

மண்டப வாசலில் அவர் படத்துக்கு மாலை போட்டு வைக்கப் போகிறாய், அழைப்பிதழிலும் அவர் பெயரைப் போடுவாய். போடு, நான் தடுக்கவில்லை. அந்தக் கதையை மட்டும் சம்பந்தி வீட்டில் இன்னொரு தடவை சொல்லாதே. நிலாவிடம் நடந்ததைச் சொல். அவள் புருஷன் நாலு பேர் முன்னால் அவளைப் பற்றி ஒன்று சொல்லிச் சிரித்தால், சிரிக்கிற நேரத்தில் சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு கேட்கச் சொல். என்னைப் போல் நாளைக்குக் கேட்கலாம் என்று வைத்திருக்க வேண்டாம் என்று சொல்.

எங்கள் காலத்தில் புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொல்ல மாட்டாள், ஆயுள் குறையும் என்பார்கள். ரேஷன் கார்டு எழுதப் போன இடத்தில் வங்காளி கிளார்க் கேட்டதற்கு, சுவரில் மாட்டியிருந்த முருகன் காலண்டரைக் காட்டி, அந்தக் கையில் இருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் மயிலைப் பார்த்தார், கோழியா என்றார். வரிசையே சிரித்தது. உன் அப்பா போய்ச் சேர்ந்த பிறகும் அந்தப் பெயர் என் வாயில் வந்ததில்லை, என் கை எழுதினதும் இல்லை. மேலே இத்தனை பக்கத்தில் உன் அப்பா, உன் அப்பா என்றுதான் எழுதியிருக்கிறேன். இப்போது எழுதுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள். மாமாவை மன்னித்துவிடு என்றாய். அவனை என்றைக்கோ மன்னித்தாயிற்று. நான் மன்னிக்காத ஆள் ஒருவர்தான்.

வேலுச்சாமி.